பொதுச் சுகாதார இளநிலைப் படிப்பை நம் மாவட்டத்திலிருந்தே கற்பது எப்படி?

பொதுச் சுகாதார இளநிலைப் பட்டத்தில் சேரும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள், இது ஒரு நோயாளிக்கு மருந்தெழுதும் படிப்பன்று, ஓர் ஊரே ஏன் நோயுறுகிறது என்று கேட்கும் படிப்பு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். சேருமுன், பல்கலைக்கழக அங்கீகாரத்தையும் களப்பயிற்சியின் கால அளவையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நோய்கள் மக்களிடையே எப்படி, ஏன் பரவுகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவலியலுக்கும், புள்ளியியலுக்குமே அதிக நேரம் ஒதுக்குங்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, நம் தண்ணீரை வைத்துப் படிப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இப்பகுதியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் அது மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மழலைப் பருவத்திலும் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலும், பல் உருவாகும் காலத்தில் மிகுதியான ஃபுளோரைடால் பல்லில் படியும் கறை பின்னர் தானாக மறையாது என்பதால், நல்ல தண்ணீர் வந்த பிறகும் பெரியவர்களிடம் பாதிப்பு தொடர்ந்து காணப்படும். ஆனால் இப்போது வளரும் குழந்தைகளிடம் புதிய பாதிப்பு குறைய வேண்டும். ‘இருக்கும் நோயாளிகள்’, ‘புதிய நோயாளிகள்’ என்னும் இரு அளவீடுகளின் வேறுபாடு இதில் தெளிவாகிவிடும்.

சுகாதாரக் கொள்கைப் பாடத்துக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் கடிதத்தோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி பெற்று, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தரும் பணியாளருடன் ஒரு நாள் நடந்து பாருங்கள். பார்த்ததை அன்றிரவே, நோயாளியின் பெயரைக் குறிக்காமல், எழுதி வையுங்கள்.