கலங்கிய பச்சைப் புள்ளி: என் அனுபவம்

லேசர் ஒளியைக் கையாளப் பயன்படும் லித்தியம் நியோபேட் படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் செலுத்திக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களில், படிகத்தைக் கடந்து வந்த வட்ட ஒளிப்புள்ளி ஒரு திசையில் வால்போல் நீண்டு கலங்கியது. லென்ஸைத் துடைத்தும் பயனில்லை.

கோளாறு படிகத்துக்குள்ளே இருந்தது. ஒளி பட்ட இடத்தில் இரும்பு மாசிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, இருண்ட பகுதியில் சிக்கிக்கொள்கின்றன. அந்த மின்னூட்ட ஏற்றத்தாழ்வு ஒளிவிலகல் எண்ணையே, அதாவது படிகம் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதையே, மாற்றிவிடுகிறது. 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் அஷ்கினின் குழு கண்டது இதைத்தான். எவ்வளவு அழகான சங்கதி!

சரி, படிகத்தை அலுமினியத் தாளில் சுற்றினேன். சூடேறும்போது அதன் முகங்களில் சேரும் மின்னூட்டத்தைத் தாள் சமன்செய்துவிடும். உள்ளே இருந்த ஏற்றத்தாழ்வைக் கலைக்க, மின்னுலையில் மெல்ல 200 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, சில மணி நேரம் வைத்து, மெல்லவே ஆறவிட்டேன். அவசரப்பட்டால் விரிசல் விழும். மறுநாள் புள்ளி பழையபடி வட்டமானது. அப்புறம், இந்தக் கோளாறு எளிதில் வராத, 5 மோல் சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகத்துக்கே மாறிவிட்டேன்.