பந்தை மட்டும் பார்த்தால் பழி ஆள் மாறி விழும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 செப்டம்பர் 26, பேட்டன் ரூஜ், டைகர் ஸ்டேடியம். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் கொள்ளும் மைதானத்தில், கொரோனா கட்டுப்பாட்டால் கால்வாசி இருக்கைக்குத்தான் அனுமதி. முந்தைய சீசனில் ஆடிய 15 ஆட்டத்தையும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆன லூசியானா ஸ்டேட், அதாவது எல்எஸ்யு, புது சீசனின் முதல் நாளே மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 44-34 என்று மண்ணைக் கவ்வியது. எதிரணியின் குவாட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ அன்று 623 யார்டு வீசினார். இவர்கள் ஆடும் கல்லூரி லீக்கான எஸ்இசியில் ஜார்ஜியாவின் எரிக் ஸையர் 1993-ல் வைத்த 544 யார்டு சாதனை அன்றோடு காலி.

அன்று ராத்திரியே எல்எஸ்யு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "ஜோ பர்ரோ நின்ற இடத்தில் இந்த மைல்ஸ் பிரென்னனா?" என்றது ஒரு கட்சி. பர்ரோ சாம்பியன் அணியின் குவாட்டர்பேக், பிரென்னன் அவருக்குப் பின் வந்தவர். "கார்னர்பேக்குகளுக்கு ஓடவே தெரியவில்லை" என்றது இன்னொன்று. நான் முதல் கட்சி. காபி ஆறியது தெரியாமல் பிரென்னனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கட்சிக்குமே ஆட்டம் சரியாகப் பிடிபடவில்லை என்பது அடுத்த சனிக்கிழமைதான் தெரிந்தது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தை வாங்கி, யாருக்கு வீசுவது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். வாங்க ஓடுபவர்கள் ரிசீவர்கள். அவர்களைத் துரத்துபவர்கள் கார்னர்பேக்குகள். இவர்களுக்குப் பின்னால் காவல் நிற்பவர்கள் சேஃப்டிகள். முன்வரிசையிலிருந்து குவாட்டர்பேக் மேல் பாய்வது பாஸ் ரஷ். வீசும் முன்பே அவரைப் பிடித்துக் கீழே தள்ளினால் சாக். வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் டச்டவுன். ஒவ்வொரு முறை பந்தை எடுத்து ஆடுவதும் ஒரு பிளே. இவ்வளவு தெரிந்தால் சண்டையில் சேர்ந்துகொள்ளலாம்.

கேமரா காட்டுகிறவரே குற்றவாளி

டிவி கேமரா பந்தின் பின்னால்தான் போகும். நீளமான பாஸ் ஒன்று பிடிபட்டால் திரையில் தெரிவது இருவர்: பிடித்த ரிசீவர், அவருக்கு இரண்டு அடி பின்னால் திணறி ஓடிவரும் கார்னர்பேக். பார்க்கிறவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆனால் ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் கவரேஜில் அந்தக் கார்னர்பேக்கின் வேலை, ரிசீவரைக் கொஞ்ச தூரம் கவனித்துவிட்டுப் பின்னால் நிற்கும் சேஃப்டியிடம் ஒப்படைப்பதாகவே இருந்திருக்கலாம். சேஃப்டி, வீசப்போவதில்லை, பந்தோடு ஓடத்தான் போகிறார்கள் என்று ஏமாந்து முன்னால் பாய்ந்திருப்பார். அவர் இருந்த இடம் காலி. படத்தில் மாட்டிக்கொள்வது மட்டும் கார்னர்பேக்.

இன்னொன்று, குவாட்டர்பேக்குக்கு நாலு விநாடி நிதானமாக நிற்க நேரம் கிடைத்தால் எந்தக் கார்னர்பேக்காலும் தாக்குப்பிடிக்க முடியாது. தோற்றது முன்வரிசை, திட்டு விழுவது பின்வரிசைக்கு.

அந்த 623 யார்டுக்கு வருவோம். மிசிசிப்பி ஸ்டேட்டின் அப்போதைய கோச் மைக் லீச். அவருடைய "ஏர் ரெய்டு" ஆட்டத்தில் ஒளிவுமறைவே கிடையாது. அதில் மெஷ் என்று ஒரு பிளே உண்டு. இரண்டு ரிசீவர்கள் இடமும் வலமுமாகக் கிளம்பி, நடுவில் தோள் உரசும் தூரத்தில் குறுக்கே கடப்பார்கள். ஆளுக்கு ஒருவரைத் துரத்தும் மேன் கவரேஜில் இருந்தால், துரத்துகிற இருவரும் அந்த நெரிசலில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். அந்த அரை விநாடி போதும். லீச் இதைப் பல வருஷமாக ஆடிவந்தார், நாட்டுக்கே தெரியும். ஆனாலும் எல்எஸ்யுவின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் போ பெலீனி மேன் கவரேஜை விடவில்லை. 2007-ல் இதே எல்எஸ்யு சாம்பியன் ஆனபோது டிஃபென்ஸைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அந்தப் பழைய பெருமையில் திரும்ப அழைத்துவரப்பட்டவர். அணியின் மிகச் சிறந்த கார்னர்பேக் டெரெக் ஸ்டிங்லி அன்று உடம்பு சரியில்லாமல் ஆடவில்லை. இருந்தாலும் குறுக்கே ஓடும் ரிசீவர்களின் பின்னால் ஒவ்வொரு பிளேயிலும் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வாரம் அதே மிசிசிப்பி ஸ்டேட்டை ஆர்கன்சா சந்தித்தது. எஸ்இசியில் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றிருந்த அணி. அவர்கள் செய்தது எளிமையான காரியம்: மூன்று பேரை மட்டும் குவாட்டர்பேக் மேல் ஏவிவிட்டு, எட்டு பேரைப் பின்னால் ஜோனில் நிறுத்தினார்கள். மெஷ் ஓடினால் ஓடட்டும், குறுக்கே வந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று இன்டர்செப்ஷன். ஆர்கன்சா 21-14 என்று ஜெயித்தது. எல்எஸ்யுவை விட ஆர்கன்சாவிடம் திறமையான கார்னர்பேக்குகள் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாறியது ஆட்கள் நின்ற இடம்.

எண்ணைத் தப்பாகப் படிப்பது

இந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை. முதல் ஆட்டத்தில் காஸ்டெல்லோ 60 முறை வீசி 36 பிடிபட்டது, சரியாக 60 சதவீதம். இரண்டாவதில் 59-க்கு 43, கிட்டத்தட்ட 73 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஆர்கன்சாவிடம்தான் பிரமாதமாக வீசினார் என்று சொல்ல வேண்டும்! ஆனால் அந்த 43 பாஸில் கிடைத்தது 313 யார்டுதான். வீச்சுக்கு எத்தனை யார்டு என்று வகுத்தால் எல்எஸ்யுவுக்கு எதிராக 10.4, ஆர்கன்சாவுக்கு எதிராக 5.3. கிரிக்கெட்டில் ஓவரைச் சொல்லாமல் ரன்னை மட்டும் சொல்லி ஒரு பவுலரை எடைபோட மாட்டோம் அல்லவா, அந்தக் கணக்குதான்.

பாஸ் டிஃபென்ஸ் பட்டியலை "ஆட்டத்துக்கு எத்தனை யார்டு" என்று அடுக்குவதிலும் இதே கோளாறு. முன்னிலையில் இருக்கும் அணிக்கு எதிராக எல்லாரும் வீசித்தான் ஆக வேண்டும். 2019 நவம்பரில் அலபாமாவின் டுவா டாகோவைலோவா எல்எஸ்யு மேல் 418 யார்டு வீசினார். டிஃபென்ஸ் ஓட்டை என்று புலம்பினார்கள். பாதி ஆட்டத்தில் எல்எஸ்யு 33-13 என்று முன்னால் நின்றது. அலபாமாவுக்கு வேறு வழி என்ன? 46-41 என்று எல்எஸ்யு ஜெயித்தது. அதே டிஃபென்ஸ்தான் இறுதி ஆட்டத்தில் கிளெம்சனின் டிரெவர் லாரன்ஸைப் பாதிக்கும் குறைவான பாஸ்களே பிடிபடும்படி, ஒரு பாஸ் டச்டவுன்கூட இல்லாமல் அடக்கியது.

சாக் கணக்கில் கல்லூரி ஃபுட்பால் ஒரு விநோதம் செய்கிறது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் சாக்கில் இழந்த யார்டு அணியின் பாஸ் கணக்கில் கழியும். கல்லூரியில் அது ஓட்டக் கணக்கில் கழியும், குவாட்டர்பேக்கே ஓடித் தோற்றது போல. அந்த மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தில் பிரென்னன் 7 முறை சாக் ஆனார். ஆனாலும் அவர் பெயருக்கு நேரே 345 யார்டு, 3 டச்டவுன் என்று பளிச்சென்று நின்றது. இழப்பெல்லாம் ஓட்டத்தின் தலையில். "வீசத்தான் வீசுகிறோம், ஓடத்தான் தெரியவில்லை" என்று அதைப் படித்தவர்கள், குவாட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் ஆஃபென்சிவ் லைன் காப்பாற்றத் தவறிய கதையைத் தவறவிட்டார்கள். முந்தைய வருஷம் நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருதை வாங்கிய கல்லூரி இது.

குவாட்டர்பேக்கின் வீச்சை ஒரே எண்ணில் எடைபோடும் பாஸர் ரேட்டிங்கை என்எஃப்எல்லோடு ஒப்பிடவே கூடாது. அங்கே உச்சம் 158.3. இங்கே யார்டை 8.4-ஆலும், டச்டவுனை 330-ஆலும், பிடிபட்ட பாஸை 100-ஆலும் பெருக்கிக் கூட்டி, இன்டர்செப்ஷனுக்குத் தலா 200 கழித்து, வீச்சுகளால் வகுப்பார்கள். உச்சம் 1261.6 வரை போகும். காஸ்டெல்லோவின் முதல் ஆட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள், 168 வரும். இரண்டாவதுக்கு 113-ஐத் தொடாது. சாக் எதிலும் வராது, பிடிக்க வேண்டியதை ரிசீவர் கைநழுவ விட்டதும் வராது.

"பெஞ்சில் இருக்கிற பையனை இறக்குங்கள்"

இக்கரைக்கு அக்கரை பச்சை. எந்த ஊரிலும் மிகப் பிரபலமான ஆட்டக்காரர் இரண்டாவது குவாட்டர்பேக்தான். ஆடாதவரை அவர் தப்பே செய்வதில்லை.

இந்த வாதத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஒன்றே: 2018 ஜனவரி 8, ஜார்ஜியாவிடம் 0-13 என்று பின்தங்கிய அலபாமா, பாதி ஆட்டத்தில் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து டுவாவை இறக்கியது. ஓவர்டைமில் முதல் பிளேயிலேயே டுவா சாக் ஆகி 16 யார்டு இழந்தார். இரண்டாவது டவுன், 26 யார்டு தேவை. (பத்து யார்டு முன்னேற ஒரு அணிக்குக் கிடைக்கும் நாலு முயற்சியில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்.) அடுத்த வீச்சு டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு டச்டவுன், 26-23. அற்புதம்தான். ஆனால் அலபாமாவின் அப்போதைய கோச் நிக் சேபன் அந்தப் பையனை சீசன் முழுக்கப் பயிற்சியில் பார்த்தவர். ரசிகர்கள் பார்த்தது சில நிமிஷம். அதே வருஷம் டிசம்பரில், அதே ஜார்ஜியாவோடு, அதே அட்லாண்டா மைதானத்தில் டுவா காயத்தில் வெளியேற, ஹர்ட்ஸ் உள்ளே வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். இதை யாரும் வாதத்துக்கு எடுத்து வருவதில்லை.

ஒரு வருஷத்தை வைத்து முத்திரை குத்துவதும் இந்த ரகம்தான். 2018-ல் பர்ரோ வீசியது 16 டச்டவுன், பிடிபட்டது 57.8 சதவீதம். "சுமார் ரகம்" என்று அப்போது பேசியவர்களை எனக்கே தெரியும். 2019-ல் 60 டச்டவுன், 76.3 சதவீதம், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை. இடையில் என்எஃப்எல் அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றினார்; ரிசீவர்கள் ஒரு வயது கூடினார்கள். கை அதே கைதான். 2020-ல் பிரென்னன் கையேற்றபோது அந்த அணியிலிருந்து 14 பேர் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் போயிருந்தார்கள், ரிசீவர் ஜமார் சேஸ் ஆடவில்லை என்று விலகியிருந்தார், பிரேடியும் கிளம்பிவிட்டார். பர்ரோவோடு அவரை ஒப்பிட்டது என்ன நியாயமோ.

இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைப்பது

"குவாட்டர்பேக் தேறினால் போதும்" என்பவர்களுக்கு 2023 எல்எஸ்யு ஒன்று போதும். ஜேடன் டேனியல்ஸ் 40 டச்டவுன் வீசினார், 4 இன்டர்செப்ஷன், ஹைஸ்மன் அவருக்கே. ஓல் மிஸ்ஸிடம் அந்த அணி 49 புள்ளி எடுத்து, 55 கொடுத்துத் தோற்றது. சீசன் முடிந்ததும் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் மேட் ஹவுஸ் வேலை போயிற்று. தலைகீழாகவும் நடக்கும்: 2020 டிசம்பரில் ஃபுளோரிடாவின் கைல் டிராஸ்க் எல்எஸ்யு மேல் 470 யார்டுக்கு மேல் வீசியும் தோற்றார். இன்டர்செப்ஷன் ஒன்றை ஈலை ரிக்ஸ் டச்டவுனாகவே ஆக்கினார். 37-34. (அந்த ஆட்டத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்கு: ஃபுளோரிடா ஆள் ஒருவர் எல்எஸ்யுக்காரரின் ஷூவைத் தூக்கி எறிந்து 15 யார்டு தண்டனை வாங்கிக் கொடுத்தார்.)

கடைசி பிளேயில் தீர்ப்பு எழுதும் பழக்கம் இவை எல்லாவற்றையும் விட மோசம். 2020 அக்டோபர் 10, டெல்டா புயலால் மிசூரிக்கு மாற்றப்பட்ட ஆட்டம். 45-41 என்று பின்தங்கிய எல்எஸ்யுவுக்குக் கடைசியில் கோட்டிலிருந்து ஒரே யார்டு, நாலு டவுன். நாலும் வீண், கடைசி இரண்டும் பிரென்னனின் பாஸ், இரண்டும் பிடிபடவில்லை. "ஒரு யார்டு எடுக்க வக்கில்லை" என்று நானும்தான் கத்தினேன். அன்று அவர் 430 யார்டும் 4 டச்டவுனும் வீசியிருந்தார். மறுபக்கம் எல்எஸ்யு டிஃபென்ஸ் கானர் பேஸலாக்குக்கு 406 யார்டும் 4 டச்டவுனும் கொடுத்திருந்தது. அந்த ஆட்டத்தில் பட்ட காயத்தால் பிரென்னன் அந்த சீசனில் அப்புறம் களம் இறங்கவே இல்லை.