பூலித்தேவர் சீமையில் சைக்கிளும் நடையும்

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கி மேற்கே பார்ப்பவர்களுக்கு, களத்தில் நெல் அம்பாரங்களை வரிசையாகக் குவித்து வைத்தாற்போல, உச்சி உருண்டு திரண்ட மலைகள் தெரியும். அடியில் உடைமரமும் முள்ளும், நடுவில் அடர்ந்த காடு, உச்சியை நெருங்கினால் புல்வெளியும் சோலையும் என்று அடுக்கடுக்காக அமைந்த அந்த மலைகளின் காலடியில்தான், 1755 முதல் 1767 வரை, நெற்கட்டும்செவல் பூலித்தேவரும் அவரோடு நின்ற பாளையக்காரர்களும் ஆற்காட்டு நவாபுக்காக வரி தண்ட வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை எதிர்த்து நின்றார்கள். கோட்டை சமவெளியில் இருக்க வேண்டும், காடு முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய போர்முறையின் ஆதாரம். கோட்டைக்கும் மலைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு, அதை ஓடிக் கடக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதெல்லாம் மிதித்துப் பார்த்தால்தான் உடம்புக்குத் தெரியும் என்பதால், இந்த வட்டாரத்தைச் சைக்கிளிலும் கால்நடையாகவும் பார்க்கும்படி சொல்கிறேன். இரண்டு நாள் போதும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. மார்கழியின் பிற்பாதியும் தை மாதமும் மிகவும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளங்கள் மறுகால் பாய்ந்து, காற்றில் தூசி அடங்கியிருக்கும் அந்த நாட்களில் மலையின் ஒவ்வொரு மடிப்பும் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலை எண்ணி வருபவர்கள் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் அந்தக் காற்றுக்கு எதிராகத் தென்காசியை நோக்கி மிதிப்பது மேட்டில் ஏறுவதைவிடக் கடினம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால், நான் கீழே சொல்லும் வழியைத் தலைகீழாக்கிக்கொண்டு, செங்கோட்டையில் தொடங்கிச் சங்கரன்கோவிலில் முடியுங்கள். காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். ஆடித் தபசுத் திருவிழா நாட்களில் சங்கரன்கோவிலில் தங்க இடம் கிடைப்பது அரிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை, விலை உயர்ந்தது தேவையில்லை. வழி பெரும்பாலும் சமதரையில் செல்வதால் கியர் இல்லாத வண்டியிலும் போய்விடலாம். ஆனால் டயர் புதியதாகவும் சற்று அகலமாகவும் இருக்க வேண்டும். இந்தச் சீமையில் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரத்தில் வெட்டிப் போட்ட விறகுச் சுமையிலிருந்து உதிர்ந்த ஒரு முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் இறங்கிவிடும். முதல் முறை நான் வந்தபோது ஒரே முற்பகலில் மூன்று பஞ்சர் ஆயிற்று. இரண்டாவது பஞ்சரை ஒட்டியபோது டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் விட்டதால், உள்ளே ஒடிந்து நின்ற அதே முள் மீண்டும் டியூபைக் குத்திவிட்டது. ஆகவே மாற்று டியூப் இரண்டு, ஒட்டுப்போடும் பொருட்கள், கைப்பம்பு ஆகியவற்றோடு, முள்ளைப் பிடுங்க ஒரு சிறு இடுக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் வேண்டும்.

சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும்; அதற்காக ரயில் புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள்.

முதல் நாள், வெயில் ஏறுவதற்குள் நெற்கட்டும்செவலுக்குச் சென்றுவிட வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து வடமேற்கே செல்லும் சாலைகளில், கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் நிலத்தின் நடுவே பயணம் அமையும். 1755-இல் கம்பெனிப் படையின் கர்னல் ஹெரான் இதே நிலத்தைக் கடந்து வந்து கோட்டையை வளைத்துக்கொண்டு இருபதாயிரம் ரூபாய் கேட்டான். அவனிடம் பெரிய பீரங்கிகள் இல்லை என்பதை அறிந்திருந்த பூலித்தேவர் கொடுக்க மறுத்துவிட, அவன் மதுரைக்குத் திரும்ப நேர்ந்தது. நெல்லை வரியாகக் கட்டாத ஊர் என்பதனால் நெற்கட்டான்செவல் என்ற பெயரும் வழங்கியதாக ஊரார் சொல்கிறார்கள். இன்று அங்கே பூலித்தேவருக்கு அரசு அமைத்த நினைவு மாளிகை இருக்கிறது. பிறந்தநாள் விழா செப்டம்பர் 1-ஆம் தேதி நடைபெறுகிறது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 20-இல், அவருடைய படைத்தளபதி ஒண்டிவீரனின் நினைவு நாளும் வரும். அந்த இரண்டு நாட்களை ஒட்டிக் கூட்டமும் போலீஸ் காவலும் மிகுதியாக இருப்பதால், இடத்தை நின்று பார்க்க விரும்புபவர்கள் வேறு நாட்களில் வருவது நல்லது.

கல்கோட்டையை எதிர்பார்த்து வருபவர்கள் இந்தச் சீமையில் ஏமாந்துபோவார்கள். பாளையக்காரர் கோட்டைகள் மண்ணால் ஆனவை; அவற்றில் பலவற்றைக் கம்பெனியார் 1799-க்கும் 1801-க்கும் பிறகு இடித்துத் தரைமட்டமாக்கச் செய்தனர். எஞ்சியதைக் கண்டுபிடிக்க நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். வயலுக்கு நடுவே காரணமின்றி உயர்ந்து நீளும் மேடு, அந்த மேட்டை ஒட்டியே வளைந்து செல்லும் பள்ளம், மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும் தண்ணீர், கோட்டை என்ற சொல்லைத் தாங்கிய தெருப்பெயர், ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம் ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ சென்றால், சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மேட்டின் நிழல் நீண்டு கோட்டையின் வரைவைக் காட்டிக் கொடுக்கும். உச்சிவெயிலில் எதுவும் தெரியாது.

ஊரில் மரத்தடியில் இருக்கும் பெரியவரை அண்ணாச்சி என்றோ தாத்தா என்றோ அழைத்து, கோட்டை இருந்த இடத்தைக் கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பூலித்தேவர், ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி என்று அந்தப் போரில் நின்றவர்களின் பெயர்களை இன்றும் தம் வீட்டுப் பெயர்களாகக் கருதும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. எந்தப் பெயரையும் மரியாதையோடு சொல்லுங்கள். ஒரு தெருவில் கேட்ட கதையைக் கொண்டு அடுத்த தெருவில் வாதம் செய்யாதீர்கள். இது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. பொறுமையாகக் கேட்பவரிடம்தான் அவர்கள் இடத்தைக் காட்டுவார்கள்.

நெற்கட்டும்செவலிலிருந்து மேற்கே வாசுதேவநல்லூரை நெருங்க நெருங்க, மலை எழுந்து வந்து பாதி வானத்தை மறைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் நடுநாயகமான இடம் இதுதான். குறைந்தது ஒரு பிற்பகலை இங்கே செலவிடுங்கள். 1760-இல் கம்பெனியின் படைத்தளபதி யூசுப் கான் இங்கிருந்த கோட்டையைத் தாக்கி, பிடிக்க முடியாமல் திரும்பினான். மறு ஆண்டு பெரிய பீரங்கிகளோடு வந்து வாசுதேவநல்லூர், பனையூர், நெற்கட்டும்செவல் ஆகிய மூன்று கோட்டைகளையும் கைப்பற்றினான். 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பெல் மீண்டும் இதே கோட்டையை முற்றுகையிட்டபோது, பீரங்கி உடைத்த சுவரை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு உடனுக்குடன் அடைத்தார்கள் என்றும், பெருமழை கொட்டிய நேரத்தில் மலைப்பக்கமாகத் தப்பிவிட்டார்கள் என்றும் அறிகிறோம். கல்சுவர் குண்டு பட்டால் சிதறும், மண்சுவர் குண்டைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியிலும் 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை எழுப்பிய மண்கோட்டை மார்ச் மாதத் தாக்குதலைத் தாங்கி நின்று, மே 24-ஆம் தேதிதான் வீழ்ந்தது. ஆனால் அங்கே முதுகைத் தாங்க மலை இல்லை. வாசுதேவநல்லூரில் நின்று மேற்கே பார்க்கும்போது அந்த வேறுபாடு சட்டென்று விளங்கும்.

அன்று இரவு புளியங்குடியில் தங்கலாம். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. காலையில் சந்தைத் தெருவைக் கடக்கும்போதே மணம் வரும். வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் செல்வது கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை என்பதால், அதில் இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்டவே கூடாது. பகலிலும் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். பின்புறம் சிவப்பு விளக்கு எரியட்டும்.

நெடுஞ்சாலைக்கு மேற்கே, தோப்புகளின் நடுவே மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சிறு சாலைகள் அழகானவை. ஆனால் தென்னையையும் வாழையையும் தேடி யானைகள் இறங்கும் இடங்களும் அவையே. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் அந்தச் சாலைகளை அறவே தவிருங்கள். பனியில் ஈரமான புதிய சாணமோ, ஒடித்துப் போட்ட தென்னங்குருத்தோ கண்ணில் பட்டால், மேலே போகாமல் திரும்பிவிடுங்கள். தோட்டத்து வேலியை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. அதில் மின்சாரம் பாயக்கூடும்.

மலைமேல் ஏறும் ஆசை வருவது இயல்புதான். எனினும் இந்த மலைத்தொடர் பெரும்பாலும் சரணாலயமாகவும் புலிகள் காப்பகமாகவும் இருப்பதால், அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. கோடையில் காய்ந்த புல் தீப்பிடித்தால், மலைச்சரிவில் மேலே ஓடுகிற மனிதனைவிட நெருப்பு வேகமாக ஓடும். முறையாக நடக்க விரும்புபவர்களுக்கு, 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால், காட்டை அறிந்த வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். பொதிகை உச்சியான 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலைக்கு வழி கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்துதான். அது தனியாகத் திட்டமிட வேண்டிய பயணம்.

அனுமதி கிடைக்காதவர்களும் வருந்த வேண்டியதில்லை. இரண்டாம் நாள் காலையில் புளியங்குடியிலிருந்து புறப்பட்டு, இன்னொரு பாளையத்தின் தலைநகராக இருந்த சொக்கம்பட்டியைக் கடந்து, கடையநல்லூர் வழியாகப் பண்பொழிக்குச் செல்லுங்கள். அங்கே திருமலைக் குமாரசுவாமி கோயில் நிற்கும் குன்று, இந்தப் பக்கத்துப் பேச்சில் பொத்தை என்று சொல்லும் சிறு பாறைக்குன்றுகளைவிட உயரமானது. மலைத்தொடரிலிருந்து சற்று விலகி வயல்களின் நடுவே எழுந்து நிற்பது. வாகனச் சாலை உண்டென்றாலும் சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படிவழியே ஏறுங்கள். நடை சாத்துவதற்கு முன், பத்து மணிக்குள் மேலே இருப்பது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

மேலே சென்றதும் வடக்கு நோக்கி நில்லுங்கள். முந்திய நாள் நீங்கள் மிதித்து வந்த நிலம் முழுவதும் மலைக்குக் கிழக்கே ஒரு பச்சை விளிம்பாக நீண்டு கிடக்கும். மேற்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கும் காட்டுக்குள் திறக்கும் கதவு போலத் தெரியும். பிறகு தெற்கே திரும்பினால், மலைகள் தாழ்ந்து வழிவிடும் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் தெரியும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தையும் சேர்ந்ததாகவே இருந்தது. கீழிறங்கியதும் செங்கோட்டைக்கு மிதித்துச் சென்று, சைக்கிளைப் பகலிலேயே பார்சலில் போட்டுவிடுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் மாலையில் புறப்படும்.