சர்க்கரை நோயாளிகள் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது சர்க்கரை அளவைத்தான். அப்புறம் கொலஸ்ட்ரால் பக்கத்தைப் புரட்டி, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த நிம்மதியை நம்ப முடியாது. இந்த நோயில் ரத்தக்குழாய்க்கு வரும் ஆபத்து எல்டிஎல் என்ற ஒரு எண்ணில் முழுதாகத் தெரிவதில்லை. ரிப்போர்ட்டையும் ஒரு பேனாவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கழித்தல் கணக்குதான் போடப்போகிறோம்.

படி 1: அலகைப் பாருங்கள்

கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. உங்கள் ரிப்போர்ட் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் இருந்தால், கொலஸ்ட்ரால் எண்களை 38.7-ஆலும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் எண்ணை 88.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: ட்ரைகிளிசரைடையும் எச்டிஎல்லையும் சேர்த்துப் பாருங்கள்

ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் கவனம் தேவை. டைப் 2 சர்க்கரை நோயில் அடிக்கடி காணும் ஜோடி இது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி ரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் ரத்தத்தில் சுற்றும்போது தங்களிடம் உள்ள ட்ரைகிளிசரைடைக் கொடுத்து எல்டிஎல், எச்டிஎல் துகள்களிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. இதனால் எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்த்தியாகிவிடுகின்றன. ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான், ஆனால் துகள்கள் ஏராளம். ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல் எண் துகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலைத்தான் சொல்கிறது, துகள்களின் எண்ணிக்கையை அல்ல. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குவதோ துகள்கள்.

எச்டிஎல் குறைவு என்றதும் அதை மட்டும் ஏற்றுவதற்கு எதையாவது வாங்கிச் சாப்பிட வேண்டாம். மருந்து கொடுத்து எச்டிஎல்லை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்தபடி மாரடைப்பு குறையவில்லை. அந்த எண்ணை ஓர் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கழித்துப் பாருங்கள்

மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். மீதி வருவதுதான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் இதில் அடங்கிவிடும். சில ரிப்போர்ட்டுகளில் அச்சிட்டே வரும்.

ஓர் உதாரணம். ஒருவருக்கு மொத்தம் 164, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 90. இன்னொருவருக்கு மொத்தம் 182, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 260. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்தில் எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அது. அப்படிப் போட்டால் இருவருக்குமே எல்டிஎல் சரியாக 96. ஆனால் நான்-எச்டிஎல் முதலாமவருக்கு 114, இரண்டாமவருக்கு 148. எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. உண்மையில் இரண்டாமவரின் ரத்தக்குழாய்க்குச் சுமை அதிகம்.

ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுங்கள். 500-க்கு மேல் போனால் கணைய அழற்சிக்கும் வாய்ப்பு உண்டு, தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

படி 4: உங்களுக்கான இலக்கைப் பாருங்கள்

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' எல்லோருக்கும் பொதுவானது, அதை உங்கள் இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் 2019-ல் சொன்னபடி, ஆபத்து அதிகம் உள்ள சர்க்கரை நோயாளிக்கு எல்டிஎல் 70-க்கும், நான்-எச்டிஎல் 100-க்கும் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு இவை 55, 85. நீங்கள் எந்த வகை என்பதை வயது, நோய் வந்து எத்தனை வருடம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையெல்லாம் வைத்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

படி 5: டாக்டரிடம் கேளுங்கள்

ஏபோ பி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கெடுதல் செய்யும் ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு ஏபோ பி இருப்பதால் அது துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும். ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும். லிப்போபுரோட்டீன் ஏ என்பது எல்டிஎல் போன்ற இன்னொரு துகள். அதன் அளவு பரம்பரையாக வருவது, பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதையும் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை கட்டுக்குள் வந்தாலே ட்ரைகிளிசரைடு பல பேருக்கு இறங்கிவிடும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், 'எனக்குத்தான் கொலஸ்ட்ரால் அதிகமில்லையே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2004-ல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதயநோய் இல்லாத, எல்டிஎல்லும் பெரிதாக ஏறாத டைப் 2 நோயாளிகளுக்கு தினம் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினைக் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. இந்த மாத்திரை சர்க்கரையைச் சற்றே ஏற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்து, இதே கழித்தலைப் போட்டுப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.