இன்காக்களின் உர்ப்பு ஜாடி: திரிகை (குயவர் சக்கரம்) இல்லாமல் கையால் வனையும் முறை

தென் அமெரிக்காவில், இன்றைய பெரு நாட்டிலுள்ள குஸ்கோவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இன்காக்கள், சிச்சா என்னும் மக்காச்சோள மதுவைச் சேமிக்கவும் சுமந்து செல்லவும் உர்ப்பு என்ற ஜாடியைப் பயன்படுத்தினார்கள். ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான உர்ப்புகளும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் 20 செ.மீ. உயரத்தில் தொடங்குவது நல்லது.

மண்ணைத் தொடுவதற்கு முன் இந்த ஜாடியைச் சுமந்த விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வயிற்றின் கீழ்ப்பாதியில் இருபுறமும் உள்ள கைப்பிடிகளின் வழியே கயிற்றை நுழைத்து, தோள்பகுதியில் விலங்குத் தலை போலத் துருத்தி நிற்கும் குமிழின் மேல் மாட்டி, ஜாடியை முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். அதனால்தான் ஓவியம் பெரும்பாலும் வெளியே தெரியும் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. முதுகை ஒட்டும் பக்கம் வெறுமையாக விடப்பட்டது.

ஐந்து பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து, காற்றுக் குமிழிகள் நீங்கும்வரை பிசையுங்கள். ஸ்பானியர் வருகைக்கு முன் ஆண்டிஸ் மலைநாட்டில் திரிகை கிடையாது என்பதால், நாமும் மண்ணைச் சுண்டுவிரல் பருமனில் நீளமாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கித்தான் எழுப்பப் போகிறோம்.

அடிப்பகுதி கூம்பாக இருக்கும் என்பதால் அது தானாக நிற்காது. ஒரு கிண்ணத்தில் மணலை நிரப்பி, நடுவில் குழி செய்து, மேலே துணி விரித்து, அதில் கூம்பை அமர்த்துங்கள். ஒவ்வொரு வளையத்தையும் கீழுள்ளதோடு உள்ளும் புறமும் விரலால் இழுத்து இணைக்க வேண்டும். இணைப்பில் சோம்பினால் சூளையில் விரிசல் விடும். வயிறு பாதியளவு எழுந்ததும் சில மணி நேரம் காயவிட்டு, அது தன் எடையைத் தாங்கும் நிலைக்கு வந்தபின் தோளைக் குறுக்கி, நீண்ட கழுத்தையும் வெளிப்புறம் விரியும் வாயையும் வனையுங்கள். பிறகு, ஒட்டும் இடங்களைக் கீறி, மண்குழம்பு தடவி, கைப்பிடிகளையும் குமிழையும் பொருத்துங்கள்.

நகம் பட்டால் மட்டும் கீறல் விழும் பதத்தில் செங்காவி கலந்த மண்குழம்பைப் பூசி, அது இறுகியதும் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள். ஓவியத்துக்கு வெள்ளைக் களிமண் குழம்பும், கறுப்புக்கு மாங்கனீசு ஆக்சைடு கலந்த குழம்பும் போதும். ஆக்சைடு தூளைக் கையாளும்போது முகமூடி அணிவது கட்டாயம். குஸ்கோ பாணியில் நடுவே செங்குத்தான பட்டை ஒன்று இறங்கும். அதற்குள் பெருக்கல் குறிகளும் குறுக்குக் கோடுகளும் மாறி மாறி வரும். இருபுறமும் பெரணி இலை போல, ஒரு தண்டிலிருந்து வரிசையாகக் கிளைக்கும் சிறு கோடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி. இன்கா என்றாலே சூரிய முகம் வரைய வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தயவுசெய்து தவிருங்கள், இந்த ஜாடிகளின் அழகு, அளவு பிசகாமல் திரும்பத் திரும்ப வரும் கோடுகளில்தான் இருக்கிறது.

மீந்த மண்ணில் ஒரு சிறிய லாமாவும் செய்யலாம். கோனோப்பா எனப்படும் இவ்வகை உருவங்களை இன்காக்கள் கல்லில் செதுக்கி, முதுகில் வட்டக் குழி குடைந்து, அதில் கொழுப்பு முதலியவற்றை இட்டு, மந்தை பெருக வேண்டி வழிபட்டார்கள். நீங்கள் மண்ணில் செய்வதால் அந்தக் குழியை ஆழமாகவே குடையுங்கள். உடல் தடிமனாக இருந்தால் உள் ஈரம் காயாமல் சூளையில் வெடிக்கும்.

இரண்டையும் நிழலில் ஒரு வாரமாவது, முதல் இரண்டு நாள் துணியால் மூடி, மெதுவாக உலர்த்துங்கள். சூளையில் 100 டிகிரி செல்சியஸைக் கடக்கும்வரை வெப்பத்தை மிக மெல்ல ஏற்றி, 900 டிகிரி அளவில் நிறுத்துங்கள். அதற்கு வெகுவாக மேலே போனால் கூழாங்கல் தந்த மெருகு மங்கிவிடும். கண்ணாடிப் பூச்சு இல்லாத ஜாடி நீரைக் கசியவிடும் என்பதால், இதை அலங்காரப் பொருளாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.