எக்ஸ்ரே படம் போடும் முன் மூலையைப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கிளினிக் நடத்துகிறவர்கள் பலர் பேஸ்புக்கில் நோயாளி படம் போடும்போது முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே மூலையில் பெயர், வயது, தேதி, ஐடி எண் அச்சாகியிருக்கும். போன் மார்க்கரால் கறுப்படித்தால் போதாது. பல போன்களில் அந்தக் கறுப்பு அரைகுறைதான், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். ஓரத்தையே வெட்டுங்கள். வெட்டியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால், படம் எடுத்த இடமும் கோப்போடு ஒட்டிக்கொண்டு போகாது.

பெயர் இல்லாமலும் ஆள் தெரியும். "நேற்று ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்து வந்தவர்" என்றாலே ஊருக்கே புரியும். நாள், தொழில், ஊர் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

ஒப்புதல் எழுத்தில் வேண்டும்: எந்தப் படம், எங்கே போடுவது, பிறகு வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது. ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மலையாளத்தில் தனித்தாள். ஆபரேஷன் கையெழுத்தோடு இதைச் சேர்த்து வாங்காதீர்கள்.

கூகுள் ரிவ்யூவில் யாராவது திட்டினால், "நீங்க சுகர் மாத்திரையை ஒழுங்கா போடல" என்று பதில் எழுதுவதுதான் பெரிய தப்பு. அவர் உங்களிடம் வந்தார் என்பதைக்கூட ஒப்புக்கொள்ள வேண்டாம்; "கிளினிக் எண்ணில் பேசுங்கள்" போதும்.

"சர்க்கரை நோயை அடியோடு குணமாக்குவோம்" போன்ற போஸ்டர் 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் மாட்டும்.