மொட்டைமாடியில் சூரிய மின்சாரம்: எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வது எப்படி

தமிழ்நாட்டில் சொந்த வீட்டின் மொட்டைமாடியில் சூரிய மின் தகடு பொருத்த விரும்புவோர், எத்தனை கிலோவாட் போடலாம் என்பதைப் பெரும்பாலும் விற்பனையாளரிடமே கேட்கிறார்கள். அதற்கான விடை உங்கள் மின் கட்டணக் கணக்கில் இருக்கிறது. வீட்டில் வீணாகும் மின்சாரத்தை முதலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு எஞ்சும் தேவைக்கு அளவெடுப்பதே சரியான வரிசை. இந்த வரிசை தலைகீழானால், தேவைப்படாத ஒரு கிலோவாட்டுக்கு அரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்க நேரிடும்.

கடந்த ஓராண்டின் ஆறு கணக்கீடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்பதை மட்டும் தனியே எழுதுங்கள். அவற்றில் 500 யூனிட்டைத் தாண்டியவை எவை என்று கவனிப்பது மிக முக்கியம். இரண்டு மாதப் பயன்பாட்டில் முதல் 100 யூனிட் இலவசம்; மொத்தம் 500க்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விகிதமே வசூலிக்கப்படுகிறது. 500ஐத் தாண்டிய உடனே அந்தச் சலுகை போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே கூடுதல் விகிதம் தொடங்கிவிடுகிறது. ஆகவே 510 யூனிட் எரித்த வீட்டுக்கு, அந்தக் கடைசிப் பத்து யூனிட்டால் வரும் செலவு பத்து யூனிட்டின் விலையைவிடப் பல மடங்கு.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. எனப்படும் சிக்கன மோட்டார் கொண்ட மின்விசிறிக்கு 30 வாட் அளவு போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளை மாற்றினால் 60 நாளில் ஏறத்தாழ 130 யூனிட் மிச்சமாகி, கணக்கு 490க்கு இறங்குகிறது. ஒரு தகடுகூட ஏற்றாமலேயே 500 என்ற எல்லைக்குள் வந்துவிட்டோம். நம் ஊர் வீடுகளில் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதலீடு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. விசிறி ஆண்டு முழுவதும் சுழல்வது, குளிர்சாதனமோ சில மாதங்களுக்கு மட்டுமே.

குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் அதன் மின் செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தி சிக்கனச் செயலகத்தின் கணக்கு. 24இல் அல்லது 26இல் வைத்து, கூடவே விசிறியை மெல்ல ஓடவிடுவது போதுமானது. 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும் என்பதால், குளித்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும். மேல்தள அறை கொதிக்கிறது என்றால், கோடை தொடங்கும் முன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது குளிர்சாதனத்தின் சுமையைக் குறைக்கும்.

இனி அளவெடுக்கலாம். நம் மாநில வெயிலில் ஒரு கிலோவாட் தகடு, ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இது குறையும். மின்சார ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தேவை; இரண்டு மாதத்துக்கு 60. மேற்சொன்ன வீட்டுக்கு 490உடன் 60 சேர்த்தால் 550. இரண்டு கிலோவாட் தரும் 480ஐக் கழித்தால் எஞ்சுவது 70, அதுவும் இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். விசிறிகளை மாற்றாமல் அளவெடுத்திருந்தால் மூன்று கிலோவாட் என்று சொல்லியிருப்பார்கள்.

அடுத்து நிழல். ஒரு கிலோவாட்டுக்குக் குறைந்தது 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். வரிசையாக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். விற்பனையாளர் சித்திரை வெயிலில் வந்து பார்த்து நிழலே இல்லை என்று சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள்; மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னையில் டிசம்பர் நடுப்பகலில், இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றரை மீட்டர் வடக்கே நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். தொட்டி, படிக்கட்டு அறை, கைப்பிடிச் சுவர், தெற்கு வீட்டுத் தென்னை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு, தகடுகளைத் தெற்கு நோக்கி 10 முதல் 13 பாகை சாய்வில் அமைக்கச் சொல்லுங்கள்.

மானியம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தின்கீழ் வருகிறது: ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. மின் இணைப்பு எண்ணைக் கொண்டு தேசிய இணையதளத்தில் பதிவு செய்து, அங்கே பதிவு பெற்ற நிறுவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். உள்நாட்டில் தயாரான சூரிய மின்கலங்கள் (செல்கள்) கொண்ட தகடுகளுக்கு மட்டுமே மானியம் உண்டு என்பதால், விலைப்புள்ளியில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பு முடிந்து, வீடு எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தப்பட்ட பின்பே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

தகடுகளைத் தாங்கும் சட்டத்தில் மிச்சம் பிடிக்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். 2016இல் வர்தாவையும் 2018இல் கஜாவையும் பார்த்த கரை இது. சூடான துத்தநாகத்தில் தோய்த்த இரும்பா, மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் வடிவமைப்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தகடு தரும் நேர் மின்னோட்டம் (டி.சி.), வீட்டில் ஓடும் மாறு மின்னோட்டம் (ஏ.சி.), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். தகடு தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும், பேட்டரி இல்லாத சாதாரண சூரிய இன்வெர்ட்டர் மின்தடையின்போது தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் வகையைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

பராமரிப்பு எளியது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கண்ணாடி சூடேறும் முன் அதிகாலையில் தண்ணீர் விட்டு மென்மையான துணியால் துடைத்தால் போதும். உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, கிடைக்கும்போது மழைநீரைப் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர் காட்டும் அன்றாட உற்பத்தியை ஒரு நோட்டில் குறித்து வந்தால், வெயில் அடித்தும் யூனிட் குறையும் நாளிலேயே பழுதைக் கண்டுபிடித்துவிடலாம்.